மென்பொருள் பட்டியல் முதலில், மடிக்கணினி பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி திறக்கும் காலம் நெருங்கினால் மடிக்கணினி விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வரத் தொடங்கிவிடுகின்றன. செயலியின் (புராசஸரின்) பெயரும் திரையின் அளவும் அவற்றில் கொட்டை எழுத்தில் இருக்கும். மாணவர் சேரவிருக்கும் பாடப்பிரிவுக்கு அந்தக் கணினி பொருந்துமா என்பது மட்டும் எந்த விளம்பரத்திலும் இருக்காது. விளம்பரத்தால் அதைச் சொல்லவும் முடியாது, சொல்ல வேண்டியது கல்லூரி. சேர்க்கைக் கடிதத்தோடு கட்டண விவரத்தையும் விடுதி விதிகளையும் தவறாமல் அனுப்புகிற கல்லூரிகள், ஒவ்வொரு துறையும் பயன்படுத்தும் மென்பொருள்கள் எவை, அவற்றுக்கு எந்த இயங்குதளமும் எவ்வளவு நினைவகமும் வேண்டும் என்பதை ஒரே ஒரு தாளில் எழுதிச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன். மாணவர்களின் கணினிகளில் ஏற்படும் கோளாறுகளைக் கவனிப்பது என் பணி என்பதால், அந்த ஒரு தாள் இல்லாமையால் எவ்வளவு பணம் வீணாகிறது என்பதை ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன்.

இயந்திரவியல் படிக்கும் மாணவருக்கு வேண்டிய சாலிட்வொர்க்ஸும், கட்டடக்கலை மாணவர் கையாளும் ரெவிட்டும் வடிவமைப்பு மென்பொருள்கள்; இரண்டும் விண்டோஸுக்காக மட்டுமே வெளியிடப்படுபவை. வரைபடம் வரையும் ஆட்டோகேடுக்கு ஆப்பிளின் மேக் கணினிக்கான பதிப்பு உண்டென்றாலும் விண்டோஸ் பதிப்பில் உள்ள எல்லா வசதிகளும் அதில் கிடையாது. முன்பு மேக் கணினியிலேயே விண்டோஸைத் தனியாக நிறுவிக்கொள்ளும் வழி இருந்தது. ஆப்பிள் நிறுவனம் 2020 முதல் தன் சொந்தச் செயலிகளுக்கு மாறிய பிறகு, அந்தச் செயலிகள் கொண்ட கணினிகளில் அந்த வழி இல்லை. கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக்கில் விண்டோஸ் மென்பொருள்களை நேரடியாக நிறுவ முடியாது. இன்டெல் வகையிலிருந்து வேறுபட்ட ஆர்ம் வகைச் செயலி கொண்ட விண்டோஸ் மடிக்கணினிகள் நீண்ட நேரம் மின்சாரம் தாங்குபவைதான் என்றாலும், ஆய்வகக் கருவிகளை இணைக்கும் இயக்கி மென்பொருள்கள் அவற்றுக்கெனத் தனியே எழுதப்பட்டிருந்தால்தான் வேலை செய்யும். மறுபக்கம், இலக்கியமோ வரலாறோ சட்டமோ படிக்கப் போகிறவருக்கு இந்தச் சிக்கல்கள் ஏதும் இல்லை. அவருக்குத் தனி கிராபிக்ஸ் அட்டை கொண்ட கனமான கணினியை வாங்கிக் கொடுப்பது, தோளில் சுமையையும் பேட்டரியில் குறையையும் காசு கொடுத்து வாங்குவதாகவே முடியும்.

செயலியின் பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐ7 என்றால் ஐ5-ஐ விடச் சிறந்தது என்ற நம்பிக்கை பெற்றோரிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இன்டெலின் ஏழாம் தலைமுறை ஐ7-7500யு செயலியில், வேலைகளைச் செய்யும் அலகுகளான கருக்கள் (கோர்) 2 மட்டுமே இருந்தன. அடுத்த தலைமுறையில் வந்த ஐ5-8250யு செயலியில் 4 கருக்கள். பெயரில் ஐந்தா ஏழா என்று பார்ப்பதைவிட, அதற்குப் பின்னால் வரும் தலைமுறை எண்ணைப் பார்ப்பதே பயன் தரும். பழைய கணினி வாங்குவோருக்கு இது இன்னும் முக்கியம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும், இன்டெல் செயலியாக இருந்தால் சில விலக்குகள் நீங்கலாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஆகவே, பளபளப்பான பழைய ஐ7 கணினி ஒன்று, நான்காண்டுப் படிப்பின் முதல் நாளிலேயே காலாவதியானதாக இருக்கக்கூடும்.

செயலியில் ஒரு படி இறங்கி, மிச்சமாகும் பணத்தை நினைவகத்தில் போடுங்கள் என்பதே என் அறிவுரை. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் எனப்படும் இந்த நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பிறகு கூட்டிக்கொள்ள வழியில்லை. வாங்கும்போதே 16 ஜிபி இருப்பது நல்லது. சேமிப்பகம் எஸ்எஸ்டி வகையாக இருக்க வேண்டும் என்பதை இன்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 512 ஜிபி என்று வாங்கிய வட்டை விண்டோஸ் சுமார் 476 என்று காட்டும்போது ஏமாற்றப்பட்டோமோ என்று பதறுகிறவர்கள் உண்டு. உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்காகவும் விண்டோஸ் 1024-இன் மடங்காகவும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடே அது. பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற விளம்பரத்தை நம்புவதைவிட அதன் வாட்-மணி அளவைக் கேட்பது மேல்: 50 வாட்-மணி பேட்டரி, 10 வாட் இழுக்கும் வேலைக்கு ஐந்து மணி நேரம் வரும்.

வாங்குவது பாதி வேலைதான். மீதிப் பாதியை வீட்டில் இருக்கும்போதே முடிக்காமல், உறை பிரிக்காத பெட்டியோடு விடுதிக்கு வந்து சேரும் மாணவர்களே அதிகம். முதல் வாரத்தில், எல்லோரும் ஒரே இணைய இணைப்பில் பல ஜிபி புதுப்பிப்புகளை இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இவர்களும் வரிசையில் சேர்ந்துகொள்கிறார்கள். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பாவது கணினி கையில் இருந்தால், புதுப்பிப்புகளை முடித்து, தேவையற்ற சோதனைக்கால மென்பொருள்களை நீக்கி, வேண்டியவற்றை நிறுவி, நாள்தோறும் பயன்படுத்திப் பார்த்துவிடலாம். விசைப்பலகையிலோ திரையிலோ குறை இருந்தால் மாற்றித் தரும் கெடு முடியுமுன் தெரிந்துவிடும்.

இவற்றிலெல்லாம் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது கணக்கு அமைப்பது. ஒரு மாணவியின் கணினி, பயாஸ் என்னும் தொடக்க மென்பொருளின் புதுப்பிப்புக்குப் பிறகு நீலத்திரையில் நின்று, ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள் கொண்ட 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. அப்படி ஓர் எண் இருப்பதே அவருக்குத் தெரியாது. கணினியை அமைத்துக் கொடுத்தவர் அவருடைய உறவினர். அதற்குத் தம்முடைய பழைய மின்னஞ்சலைப் பயன்படுத்தியிருக்கிறார். மீட்பு எண்ணும் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேர்ந்திருந்தது. அதன் கடவுச்சொல் அந்த உறவினருக்கே நினைவில்லை. கணினியில் எந்தப் பழுதும் இல்லை, ஆனாலும் உள்ளே இருந்த கோப்புகள் போனது போனதுதான். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு புதிதாக அமைக்கப்படும் பெரும்பாலான கணினிகளில் வட்டில் உள்ளவற்றைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் வட்டுக் குறியாக்கம் தானாகவே நடைமுறைக்கு வந்துவிடுகிறது; அந்தப் பூட்டைத் திறப்பதற்கானதே மீட்பு எண். திருட்டுப் போனால் தரவைக் காக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் கணக்கு மாணவருடைய சொந்தக் கணக்காக இருக்க வேண்டும்; மீட்பு எண்ணைத் தாளில் எழுதி, கணினியோடு வைக்காமல் வேறிடத்தில் வைக்க வேண்டும். கணினியின் வரிசை எண்ணையும் அதே தாளில் குறித்து வைப்பது, தொலைந்தால் புகார் எழுத உதவும்.

மேகச் சேமிப்பில் கோப்புகள் ஒத்திசைக்கப்படுவதைப் பலரும் காப்பு நகல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஒத்திசைவில், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மறுசுழற்சித் தொட்டியிலிருந்து மீட்கும் கெடுவும் தாண்டிவிட்டால் கோப்பு கிடைக்காது. கட்டணமில்லாத இடமும் குறைவு: ஒன்டிரைவில் 5 ஜிபி, கூகுளில் 15 ஜிபி. வாரம் ஒருமுறை வெளி வட்டு ஒன்றில் நகல் எடுத்து, எடுத்ததும் அதைக் கழற்றிவிடும் பழக்கத்தை வீட்டிலேயே தொடங்கிவிட வேண்டும்; செமஸ்டர் தொடங்கிய பிறகு யாரும் புதிதாகத் தொடங்குவதில்லை.

மென்பொருளுக்குப் பணம் கட்ட அவசரப்படவும் வேண்டாம். தகுதியைச் சரிபார்த்த பின் ஆட்டோகேடையும் ரெவிட்டையும் வெளியிடும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் தன் மென்பொருள்களை மாணவர்களுக்குக் கட்டணமின்றித் தருகிறது. மைக்ரோசாஃப்ட் 365, கணிப்புகளுக்கான மேட்லேப் போன்றவற்றுக்குப் பல கல்லூரிகள் மொத்த உரிமம் வைத்திருக்கின்றன. கடையில் கணினியோடு சேர்த்து ஓராண்டுச் சந்தா வாங்கியவர், கல்லூரி மின்னஞ்சல் கிடைத்த அன்று அதே மென்பொருள் தமக்கு இலவசம் என்று அறிந்துகொள்கிறார். கூடுதல் செலவு செய்வதென்றால் விபத்துச் சேதக் காப்பீட்டுக்குச் செய்யலாம், ஏனெனில் கீழே விழுவதும் விசைப்பலகையில் தண்ணீர் கொட்டுவதும் பொதுவாகச் சாதாரண உத்தரவாதத்தில் அடங்குவதில்லை.

இவ்வளவையும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே தேடித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. துறைத் தலைவர் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், இயங்குதளம், குறைந்தபட்ச நினைவகம், கல்லூரி உரிமம் உள்ள மென்பொருள்கள், முதல் பருவத்திலேயே தேவைப்படுபவை, ஆய்வகக் கணினியிலேயே செய்துகொள்ளக்கூடியவை ஆகிய விவரங்களைத் தாளில் எழுதிவிடலாம். கடைசியாகச் சொன்னதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது: கனமான வேலைகளுக்கு ஆய்வகம் போதும் என்று தெரிந்தால், கடன் வாங்கி விலையுயர்ந்த கணினி எடுக்கும் குடும்பங்கள் அந்த முடிவை மறுபரிசீலனை செய்யும். தாள் வராத இடங்களில், பெற்றோர் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியோ, அதே துறையின் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கேட்டோ தெரிந்துகொண்ட பிறகே கடைக்குப் போகலாம்.

இப்படிக்கு,
கல்லூரிக் கணினி ஆய்வகப் பணியாளர் ஒருவர்