உணர்வறியும் மென்பொருள்: சதவீதத்தை மட்டும் கேட்டால் போதாது

ஆசிரியருக்கு,

முகத்தைப் பார்த்தே மனநிலையைச் சொல்லிவிடும் மென்பொருள் பற்றிய செய்திகளில் 'இத்தனை சதவீதம் துல்லியம்' என்ற வரி தவறாமல் வருகிறது. எதை வைத்து அளந்தார்கள் என்பது மட்டும் வருவதில்லை.

இத்துறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது ஃபெர்-2013 என்ற படத்தொகுப்பு. இணையத் தேடலில் திரட்டிய 35,887 கறுப்பு வெள்ளை முகங்கள், ஒவ்வொன்றும் 48-க்கு 48 புள்ளிகள். மகிழ்ச்சிக்கு 8,989 படங்கள், அருவருப்புக்கு 547தான். அருவருப்பை ஒருமுறைகூடக் கண்டுபிடிக்காத மென்பொருளுக்கும் மொத்தக் கணக்கில் ஒன்றரை சதவீதமே குறையும்! ஆகவே எந்த உணர்வில் எத்தனை பிடிபட்டது, எது எதுவாக மாறித் தெரிந்தது என்ற அட்டவணையைக் கேட்க வேண்டும். பயத்தைச் சோகம் என்று சொல்லும் தடுமாற்றமெல்லாம் அதில்தான் வெளிப்படும். இந்தப் படங்களில் மனிதர்களே எடுத்த மதிப்பெண் சுமார் 65 சதவீதம். யாராவது 95 என்றால், பயிற்சிக்குக் கொடுத்த படங்கள் தேர்விலும் கலந்துவிட்டனவா என்று பார்ப்பது நல்லது.

குரலைக் கேட்டு உணர்வைச் சொல்லும் மென்பொருளில் இந்தக் கலப்பு இன்னும் சுலபமாக நேரும். ராவ்டெஸ் என்ற ஒலித்தொகுப்பில் 24 நடிகர்கள் இரண்டே ஆங்கில வாக்கியங்களை வெவ்வேறு உணர்வுகளில் பேசுகிறார்கள். ஒலித்துண்டுகளை வெறுமனே குலுக்கிப் பிரித்தால் ஒரே நடிகரின் குரல் பயிற்சியிலும் தேர்விலும் விழும். கணினி கோபத்தோடு ஆளையும் சேர்த்தே படித்துக்கொள்ளும். நடிகர்வாரியாகப் பிரித்தால் மதிப்பெண் சரியும். நம்பத்தக்கது அதுதான். வட அமெரிக்க உச்சரிப்பில் நடித்த குரல்களில் பழகியதை, சோதிக்காமலே தமிழ் பேசும் வாடிக்கையாளர் சேவை மையத்தில் வைப்பது எப்படிச் சரியாகும்?

இவற்றைத் திருத்திவிடலாம். திருத்த முடியாதது வேறு: படத்தின் மேல் ஒட்டிய 'கோபம்' என்ற பெயர், பார்த்தவரின் ஊகம். படத்தில் இருப்பவரை யாரும் கேட்கவில்லை. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மேன் பாரெட் குழுவினர் 2019இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கோபத்தில் இருப்பவர்கள் புருவம் நெரித்து முறைப்பது சராசரியாக 30 சதவீத வேளைகளில்தான் என்று தெரிந்தது. கவனமாகக் கணக்குப் போடும் மாணவனும் புருவத்தை நெரிப்பான்.

மைக்ரோசாஃப்ட் தன் முகச் சேவையிலிருந்து உணர்வு ஊகிக்கும் வசதியை விலக்கிக்கொள்வதாக 2022இல் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பள்ளிகளிலும் பணியிடங்களிலும், மருத்துவம், பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, 2025 பிப்ரவரி முதல் இதற்குத் தடை. இங்கே வகுப்பறைக்கு இத்தகைய கேமரா வாங்க நினைக்கும் நிர்வாகங்கள், பெயர் ஒட்டியவர்கள் யார், தேர்வுக்கு வைத்த முகங்கள் யாருடையவை, ஒவ்வொரு உணர்விலும் மதிப்பெண் என்ன என்ற மூன்றையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் பொறியாளர்,
கோவை