2025ஆம் ஆண்டறிக்கை: ஊமைக்கல் விவகாரம் உட்பட

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் வழக்கம்போல மாதத்தின் இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில் நம் விளையாட்டுச் சங்கத்தில் கூடினோம். மே மாத இரண்டாம் ஞாயிறு மட்டும் எதிர்சேவை நாளாக அமைந்துவிட்டதால் கூட்டம் இல்லை. வைத்திருந்தாலும் தல்லாகுளத்தைத் தாண்டி யாரும் வந்து சேர்ந்திருக்க முடியாது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். டீ, வடைச் செலவு கூடிவிட்டது என்று அவர் சொல்வார், உண்மைதான்.

இனி முக்கியமான விஷயம். ஆண்டு முழுக்க நாம் ஆடியது ‘டிராவலர்’. 1977இல் மார்க் மில்லர் உருவாக்கி, கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்ட விண்வெளிக் கதை விளையாட்டு: நடுவர் ஒருவர் கதைக்களத்தைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை போட்டும் ஆடுவது. புது உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் வரும் பேரரசில் பயணிகளுக்கான எச்சரிக்கையாக உலகங்களுக்கு நிறம் குறிப்பார்கள். ஆம்பர் என்றால் பார்த்துப் போ. சிவப்பு என்றால் போகவே கூடாது. கடற்படையோ சாரணர் படையோ வழியை மறித்து நிற்கும். ரெஜினா என்ற பகுதியில் ஷியான்தி என்றொரு விண்கல் கூட்டம் உண்டு. அங்கே எதிர்ப்பொருளால் ஆன கற்கள் மிதக்கின்றன, தொட்டால் கப்பலே மிஞ்சாது, அதனால் சிவப்பு. கேண்டரி என்ற உலகமும் சிவப்புதான். அதற்கான காரணத்தை இங்கே எழுத மாட்டேன், இன்னும் அந்தக் கதைக்குள் போகாத உறுப்பினர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

நாம் ஆடும் விண்வெளிப் பகுதியை நாமே பகடை போட்டு உருவாக்கினோம். 80 அறுகோணக் கட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பகடை, 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அங்கே உலகம் உண்டு. ஒரு கட்டத்தில் விண்கப்பல் துறைமுகத்துக்கு இரண்டு பகடை போட்டபோது 12 விழுந்தது. 12 என்றால் எக்ஸ், அதாவது துறைமுகமே கிடையாது. அன்று நடுவராக இருந்த மேலூர்த் தம்பி சிவப்புப் பேனாவை எடுத்து வட்டம் போட்டு, ‘ஊமைக்கல்’ என்று பெயரும் வைத்துவிட்டார். கைதட்டினோம். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வட்டத்தைப் பார்த்தபின் யார் சும்மா இருப்பார்கள்? ஜூன் மாதம் நான்கு பேர் 100 டன் சாரணர் கப்பலில் கிளம்பிவிட்டார்கள். இரண்டு பார்செக், அதாவது வரைபடத்தில் இரண்டு கட்டம், தாவ 20 டன் ஹைட்ரஜன், தாவலுக்கு ஒரு வாரம். திரும்பி வர எரிபொருள் எங்கே பிடிப்பது என்று பார்த்தால் துறைமுகம் இல்லை, ஹைட்ரஜனை அள்ளிக்கொள்ளப் பக்கத்தில் வாயுக்கோளும் இல்லை. தண்ணீரிலிருந்து பிரிக்கலாம் என்றால், உலகத்தின் நீரளவைச் சொல்லும் இலக்கமோ 0, கோடையில் ஆரப்பாளையத்துப் பக்கம் வைகையைப் பார்த்த மாதிரி. ஆகவே வேறொரு கப்பலில் எரிபொருளைச் சுமந்துகொண்டு, காவல் கப்பலுக்குப் போக்குக் காட்டி, மூன்று கூட்டங்கள் பாடுபட்டு இறங்கினார்கள். கதவு திறந்தது. “எதுக்குண்ணே இதை மூடி வச்சிருக்காங்க?” என்று கேட்டார்கள். தம்பி மின்விசிறியைப் பார்த்தார். கொள்ளைநோய் என்றார். அப்படியானால் எதிரே நிற்கும் ஆள் ஏன் திடகாத்திரமாக இருக்கிறார் என்றதும், இல்லையில்லை, பழைய ஆயுதம் ஒன்று புதைந்திருக்கிறது என்றார். காரணம் எதையும் அவர் யோசித்தே வைக்கவில்லை. அன்றைக்கு வடை மிஞ்சியது, சங்க வரலாற்றில் முதல்முறையாக.

அடுத்த கூட்டத்தில் எழுத்துமூலம் புகார் வந்தது. தம்பியின் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது: ரகசியம் என்றால் தெரியாமல் இருப்பதுதானே என்றார். ஆடுகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், பூட்டியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்பது என் கட்சி. 2020இல் நம் தெருக்களைத் தகரம் வைத்து அடைத்தபோது, அடைத்தவர்களுக்கும் உள்ளே இருந்தவர்களுக்கும் காரணம் தெரியும். யார் காய்கறி கொண்டுவருவது, எந்தச் சந்து வழியாக நழுவலாம் என்பது உட்பட எல்லாம் அந்தக் காரணத்திலிருந்துதான் வந்தது. தடை என்று ஒன்று இருந்தால் அதைச் சுற்றி ஒரு பிழைப்பும் இருக்கும். ஊமைக்கல்லைச் சுற்றி வெறும் மை மட்டுமே இருந்தது.

ஆகஸ்டில் தீர்மானம் நிறைவேறியது. சிவப்பு வட்டம் போடும் நடுவர், மூடியது யார், எதற்கு, உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியுமா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, ஆட்டத்துக்கு முன்பே பொருளாளரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் நடுநிலை.

செப்டம்பரில் அழகர்மலையை ஒட்டிய காசம்பட்டி வீரக்கோயில் காட்டுக்குப் போய்வந்தோம். அரிட்டாபட்டிக்கு அடுத்து, இந்த ஆண்டு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். சும்மா ஒரு நாள் வெளியே போவோம் என்றுதான் கிளம்பினோம். நம்மில் ஒருவர் கீழே கிடந்த காய்ந்த குச்சியை எடுத்துச் சுழற்றிக்கொண்டு நடந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா, “அதைப் போட்டுட்டுப் போய்யா” என்றார். அதட்டல்கூட இல்லை. குச்சி கிடந்த இடத்துக்கே போனது. வேலி எதுவும் என் கண்ணில் படவில்லை.

திருநகர் அக்கா அங்கிருந்து வரும்போது வேனில் யாரோடும் பேசவில்லை. நவம்பரில் அவர் நடுவர். அவருடைய சிவப்பு உலகத்தில் மக்கள்தொகை இலக்கம் 3, சில ஆயிரம் பேர்தான். காவல் கப்பல் ஒன்றே ஒன்று, அதிலும் ஒரு வயசாளி. அவர் சுடவில்லை, சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு, போகாதீங்கய்யா என்று மட்டும் சொன்னார். உலகத்தின் விட்டத்தைப்போல நூறு மடங்கு தொலைவில், அதாவது பத்திரமாகத் தாவக்கூடிய எல்லையில், கப்பலை நிறுத்திவிட்டு, நம்மவர்கள் இரண்டரை மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் திருப்பிவிட்டார்கள். டீ ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

அக்கா காரணத்தை எழுதிக் கொடுத்த அந்தக் கவர் இன்னும் பிரிக்கப்படவில்லை. டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தவர் யார் என்று எனக்குத் தெரியும், பெயரைக் குறிப்பிடவில்லை. பொருளாளருக்குச் சிவகங்கைக்கு மாற்றல் வந்திருக்கிறது. கவர்களை இனி யார் வீட்டுப் பீரோவில் வைப்பது என்பதை இன்றே முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்கா வீட்டில் வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
செயலாளர்