நவம்பர் 19 யாருடைய நாள்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகனுக்கு வேலை மாற்றம் வந்துவிட்டது. அடுத்த மாதம் வீடு மாற வேண்டும், இத்தனை புத்தகங்களையும் எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. அதெல்லாம் அப்புறம். பேத்தியைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பிறந்தநாள் அன்று பிள்ளையை அழ வைத்துவிட்டார்களே! நவம்பர் 19 உலகக் கழிப்பறை நாள் என்று வகுப்பில் யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, சாயங்காலம் வரை அதே கேலி. ‘என் தேதியில் வேற நல்லதே நடக்கலையா தாத்தா?’ என்று அவள் கேட்டதற்கு உனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். நான் சொல்கிறேன். கழிப்பறை நாளை மறைக்காமல் அதிலிருந்தே தொடங்கு. அந்தத் தேதிக்குக் கிடைத்த பெருமைகளில் அதுவும் ஒன்று.

சிங்கப்பூரில் ஜாக் சிம் என்று ஒரு கட்டுமானத் தொழிலதிபர். நாற்பது வயதில், சம்பாதித்தது போதும், இனி நாலு பேருக்கு உதவுகிற வேலை செய்வோம் என்று தீர்மானித்தவர். யாரும் வாய்விட்டுப் பேசக் கூச்சப்படுகிற விஷயத்தை அவர் எடுத்துக்கொண்டார். 2001 நவம்பர் 19 அன்று உலகக் கழிப்பறை அமைப்பைத் தொடங்கினார். உலக வர்த்தக அமைப்புக்கு ஆங்கிலத்தில் என்ன சுருக்கமோ, அதே மூன்றெழுத்து வரும்படி வேண்டுமென்றே பெயர் வைத்தார். முதலில் சிரிப்பார்கள், சிரித்தால் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது. 2013 ஜூலையில் சிங்கப்பூர் கொண்டுவந்த தீர்மானத்தை 122 நாடுகள் சேர்ந்து முன்மொழிய, ஐ.நா. பொதுச்சபை அந்த நாளை ஏற்றுக்கொண்டது. 2022 நிலவரப்படி உலகத்தில் சுமார் 350 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான கழிப்பறை வசதி இல்லை. பள்ளியில் ஒழுங்கான கழிப்பறை இல்லாததால் மாதத்தில் சில நாள் வீட்டிலேயே இருந்துவிடுகிற, அப்படியே படிப்பையும் விட்டுவிடுகிற பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். கேலி செய்த பிள்ளைகளிடம் அவள் இதைச் சொல்லட்டும். குழந்தைகளுக்கு விஷயம் தெரிந்தால் போதும், தானாகப் புரிந்துகொள்வார்கள்.

சரி, வேடிக்கையான நாள் வேண்டுமென்றால் அதுவும் அவளுக்கு உண்டு. அமெரிக்காவில் 1957 முதல் சேஸ் என்ற பெயரில் ஆண்டுதோறும் ஒரு நாட்காட்டிப் புத்தகம் வருகிறது. எந்தத் தேதிக்கு என்ன விசேஷம் என்று தொகுத்துத் தருவது அதன் வேலை. தாமஸ் ராய், ரூத் ராய் என்ற தம்பதி அதில் இடம்பெறும்படி தாங்களே புதிது புதிதாக நாட்களை உண்டாக்கியவர்கள். நவம்பர் 19க்கு அவர்கள் வைத்தது ‘உங்கள் நாள் மோசமாக அமையட்டும்’ நாள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ‘இந்த நாள் இனிய நாளாகட்டும்’ என்று சொல்லிச் சலித்துப்போன கடைச் சிப்பந்திகள், அன்று ஒருநாள் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாமாம். இந்திரா காந்தி பிறந்ததும் 1917இல் இதே தேதியில்தான், அது உனக்கே தெரியும்.

நான் அவளுக்குச் சொல்ல ஆசைப்படுவது வேறு. ஒரு தேதியில் என்ன நடந்தது என்று பட்டியல் போட்டால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். ‘ஏன் அன்றைக்கு?’ என்று கேட்டுப் பார்த்தால்தான் சுவாரசியம் பிறக்கும்.

லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையை எடுத்துக்கொள். 1863 நவம்பர் 19. நாம் பள்ளியில் மனப்பாடம் செய்தது நினைவிருக்கிறதா? அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, அந்த ஜூலையில் அங்கே மூன்று நாள் நடந்த சண்டையில் இரு தரப்பிலும் சேர்த்து ஏழாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் லிங்கனின் வடக்குத் தரப்பு வீரர்களுக்காகக் கல்லறைத் தோட்டம் அமைத்து, அதை அர்ப்பணிக்கும் விழாவை அக்டோபர் 23க்குத்தான் முதலில் வைத்திருந்தார்கள். முக்கியப் பேச்சாளர் லிங்கன் இல்லை, எட்வர்ட் எவரெட். அந்தக் காலத்து அமெரிக்காவின் பெரிய நாவன்மையாளர். அவரோ, தயார் செய்ய நாள் போதாது, நவம்பர் 19 என்றால் வருகிறேன் என்று எழுதிவிட்டார். விழாவே அவருக்காகத் தள்ளிப்போனது. லிங்கனுக்கு முறையான அழைப்பு போனது நவம்பர் 2ஆம் தேதிதான். அவரிடம் கேட்டது பொருத்தமாகச் சில வார்த்தைகள், அவ்வளவே. எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கன் ஏறத்தாழ 270 சொற்களில் முடித்துக்கொண்டார்.

மறுநாள் எவரெட் லிங்கனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் இரண்டு நிமிடத்தில் அந்த நிகழ்வின் மையக் கருத்தை எவ்வளவு நெருங்கினீர்களோ, அந்த அளவு நான் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தால் மகிழ்வேன் என்றார். தேதியைக் கேட்டு வாங்கியவர் அவர், அந்தத் தேதி நிலைத்ததோ இன்னொருவர் பேச்சால். அதை அடுத்த நாளே ஒப்புக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அந்த உரையைவிட இந்தக் கடிதம்தான் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது.

பேத்தி பந்து விளையாடுகிறாள் என்றாயே, அவளுக்குப் பெலே கதையைச் சொல். 1969 நவம்பர் 19 இரவு, ரியோவின் மரக்கானா மைதானத்தில், வாஸ்கோ ட காமா அணிக்கு எதிராக அவர் தன் ஆயிரமாவது கோலைப் போட்டார். நட்பு ஆட்டங்களில் போட்டதையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. ஆனால் இது மூன்று நாள் முன்பே முடிந்திருக்க வேண்டிய காரியம். 16ஆம் தேதி பாஹியா அணியுடன் ஆட்டம். பெலே அடித்த பந்து கோலுக்குள் போகப் போகிறது, நில்டோ என்ற தடுப்பாட்டக்காரர் கோட்டருகே பாய்ந்து அதை வெளியே தட்டிவிட்டார். அவருடைய சொந்த ஊர் ரசிகர்களே அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்களாம், வரலாறு எங்கள் மைதானத்தில் நடக்க விடாமல் கெடுத்துவிட்டாயே என்று. பாவம், தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர்! உன் பேத்தியின் தேதிக்கு அந்த கோல் வந்து சேர்ந்ததற்கு அவர்தான் காரணம். மரக்கானாவில் பெனால்டியில் கோல் விழுந்ததும் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. தன்னைச் சுற்றி நீண்ட மைக்குகளுக்கு முன்னால் பெலே பேசியது ஏழைக் குழந்தைகளைப் பற்றி.

அதே நாளில் நிலாவில் அப்போலோ 12 இறங்கியது. ஐந்து நாள் முன்பு கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை இடி விழுந்த ராக்கெட் அது. எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. தரையில் இருந்த ஜான் ஆரன் என்ற பொறியாளருக்கு, முன்பு ஒரு சோதனையில் இதே குழப்பத்தைப் பார்த்த நினைவு வந்தது. யாரும் தொடாத ஒரு சுவிட்சைப் போடச் சொன்னார். அது எங்கே இருக்கிறது என்று கலத்தில் இருந்த விண்வெளி வீரர் ஆலன் பீனுக்குத் தெரிந்திருந்தது. பயணம் பிழைத்தது. அப்புறம் நிலாவில், இரண்டரை ஆண்டு முன்பே போய் நின்ற சர்வேயர் 3 விண்கலத்துக்குச் சுமார் 160 மீட்டர் தூரத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். பயணத்தின் தலைவர், குள்ளமான பீட் கான்ராட் ஏணியிலிருந்து குதித்ததும், நீல் ஆம்ஸ்ட்ராங்குக்கு அது சின்ன அடியாக இருந்திருக்கலாம், எனக்கு இது பெரிய அடி என்று சொன்னது உன் பேத்திக்குப் பிடிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. சர்வதேச ஆண்கள் நாளும் அதே தேதிதான். டிரினிடாட் நாட்டு வரலாற்று ஆசிரியர் ஜெரோம் டீலக்சிங் 1999இல் அதற்குப் புத்துயிர் கொடுத்தபோது, தன் அப்பாவின் பிறந்தநாளைத் தேர்ந்தெடுத்தார். 1989இல் அதே தேதியில் அந்த நாடு முழுவதும் ஒரு கால்பந்தாட்டத்துக்காக ஒன்றுகூடியதும் அவர் சொன்ன காரணம். அமெரிக்காவுடன் டிரா செய்தாலே போதும், உலகக் கோப்பைக்குப் போய்விடலாம். மைதானம் முழுக்கச் சிவப்புச் சட்டை. ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். ஆனாலும் பார்வையாளர்கள் நடந்துகொண்ட விதத்துக்காக ஃபிஃபா அந்த ஆண்டு நேர்மை விருதை அந்த ரசிகர்களுக்கே கொடுத்தது. தோற்ற அணியின் ரசிகர்களுக்கு! இதை அவளிடம் கொஞ்சம் நிதானமாகச் சொல்.

இந்தக் கடிதத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். சர்வேயர் பக்கத்தில் விண்வெளி வீரர் நிற்கிறார், தூரத்தில் பள்ளத்தின் விளிம்பில் அவர்கள் வந்த கலம் தெரிகிறது. அவளிடம் கொடு. இன்னும் கேட்க ஏதாவது இருந்தால் எனக்கே எழுதச் சொல், அவள் கையெழுத்தில்.

அன்புடன்,
உன் நண்பன்