அரையாண்டு விடுமுறை: வீட்டுக் குழாய்களை அளக்கும் வேலை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். 6 முதல் 9ஆம் வகுப்பு வரை இந்த விடுமுறைக்கு எழுத்து வேலை கிடையாது. பதிலுக்கு ஓர் அளவுத் தாள் கொடுத்தனுப்பியிருக்கிறோம். வீட்டில் தண்ணீர் எங்கே, எவ்வளவு வீணாகிறது என்று பிள்ளைகள் அளந்து எழுத வேண்டும். இதற்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டில், கடிகாரம், பென்சில், ஸ்கேல், துணிக்குப் போடும் சொட்டு நீலம், இவ்வளவு போதும்.

முதலில் மோட்டார். மாடித் தொட்டிக்குப் போகும் தண்ணீர் மின்சாரத்தில்தான் ஏறுகிறது. 1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 1 யூனிட். தினமும் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். ஆகவே கீழே ஒழுகும் தண்ணீர் மின் கட்டணத்திலும் சேர்கிறது. தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். பிறகு ஒரு நாள் அதே அளவுக்குக் கூடுதல் நேரம் பிடித்தால் காரணம் தேட வேண்டும். சம்ப் மோட்டாருக்கு ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றித்தான் இழுக்க வைக்க வேண்டியிருக்கிறது என்றால், பெரும்பாலும் ஃபுட் வால்வில் (உறிஞ்சு குழாயின் அடி முனையில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு) குப்பை சிக்கியிருக்கும் அல்லது அதன் வாஷர் தேய்ந்திருக்கும். போர்வெல் என்றால் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம்.

அடுத்தது கழிப்பறை ஃப்ளஷ் டேங்க். அதிகம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். சத்தமே கேட்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. இரவு எல்லோரும் படுக்கப் போகும்போது டேங்க் மூடியைத் திறந்து பத்துச் சொட்டு நீலம் விடுங்கள். ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் கழித்துக் கழிப்பறைக் கோப்பையைப் பாருங்கள். நீலம் தெரிந்தால் டேங்க் ஒழுகுகிறது. எவ்வளவு என்று தெரிய, ஆங்கிள் காக்கை (டேங்குக்குத் தண்ணீர் விடும் சுவர்க் குழாய்த் திருகு) மூடி, டேங்குக்குள் நீர்மட்டத்தில் பென்சில் கோடு போட்டு, காலையில் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளக்கலாம்.

ஒழுகலுக்குக் காரணம் இரண்டு. உப்புத் தண்ணீர் வீடுகளில் அடி வாஷரில் உப்புப் படிந்து அது சரியாக உட்காராது. ஆங்கிள் காக்கை மூடி, ஃப்ளஷ் செய்து காலியாக்கி, வால்வைக் கழற்றி வாஷரை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேய்த்தால் பாதி இடங்களில் சரியாகிவிடும். ரப்பர் விறைத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், பழைய வாஷரைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். இரண்டாவது காரணம், மிதவை உயரமாக இருந்து தண்ணீர் டேங்கின் உள்ளே நிற்கும் நடுக்குழாய்க்குள் வழிவது. நீர்மட்டம் அந்தக் குழாயின் வாயிலிருந்து ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி மிதவையை இறக்குங்கள்.

பழைய 10 லிட்டர் டேங்க் என்றால், ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி உள்ளே நிறுத்தலாம். மிதவையில் இடிக்கக் கூடாது. செங்கல் வைக்காதீர்கள், அது கரைந்து, மணல் வாஷருக்கு அடியில் போய் உட்கார்ந்து புது ஒழுகலை உண்டாக்கும். பாட்டில் வைத்த பிறகு இரண்டு முறை ஃப்ளஷ் செய்ய வேண்டியிருந்தால் எடுத்துவிடுங்கள், லாபமில்லை.

சொட்டும் குழாயின் கீழ் பாட்டிலை வைத்து நேரம் பாருங்கள். நூல் போல ஒழுகி 5 நிமிடத்தில் ஒரு லிட்டர் நிரம்பினால் ஒரு நாளைக்கு 288 லிட்டர். (இந்தக் கணக்கைப் பிள்ளையே போடட்டும்.) திருகுக் குழாய் சொட்டும்போது இன்னும் இறுக்கி மூடுவது நம் வழக்கம். அதனால் வாஷர் வெட்டுப்பட்டு, அது உட்காரும் இடமும் தேய்ந்துவிடும். அந்தக் குழாய்க்கு வரும் தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வை மூடிவிட்டு அரை அங்குல வாஷரை மாற்றினால் போதும்.

குழாய் முனையில் மாட்டும் ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலந்து வரவைக் குறைக்கும் சிறு வலைமூடி) பாத்திரம் கழுவும் இடத்திலும் வாஷ்பேசினிலும் நன்றாகப் பயன்படும். வாளி பிடிக்கும் குழாயில் மாட்டிப் பயனில்லை. வாளிக்கு எப்படியும் அதே தண்ணீர்தான், நிரம்ப நேரம்தான் கூடும். தொட்டிக்கு நேர் கீழே உள்ள மாடியில் அழுத்தம் ஏற்கெனவே குறைவு. அங்கே ஏரேட்டரை மாட்டிவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று பிரஷர் பம்ப் வாங்கினால் மிச்சப்பட்ட தண்ணீருக்கு மின்சாரம் கட்ட வேண்டி வரும்.

கீசர் வீடுகளுக்கு ஒன்று. 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற 0.6 யூனிட் ஆகும். கீசரிலிருந்து குழாய் 10 மீட்டர் தள்ளியிருந்தால், முக்கால் அங்குல சி.பி.வி.சி. பைப்பில் (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) சுமார் இரண்டரை லிட்டர் தண்ணீர் தங்கி ஆறிப்போகும். அரை அங்குலம் என்றால் ஒரு லிட்டர் சொச்சம். புதிதாகப் பைப் போடுபவர்கள் அரை அங்குலம் போதுமா என்று பிளம்பரிடம் கேளுங்கள். முதலில் வரும் குளிர்ந்த நீரை வாளியில் பிடித்துவிடுங்கள்.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். மாடித் தொட்டி மீது ஏறுவதும், சம்ப் மூடியைத் திறப்பதும், மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொடுவதும் பெரியவர்களின் வேலை. பிள்ளைகள் பக்கத்தில் நின்று நேரம் குறித்தால் போதும்.

பள்ளி திறக்கும் நாளில் தாளில் மூன்று எண்கள் இருக்கட்டும்: தொட்டி நிரம்பிய நிமிடம், டேங்கில் இறங்கிய சென்டிமீட்டர், குழாயில் ஒழுகிய லிட்டர். ஒழுகலே இல்லாவிட்டால் பூஜ்யம் என்று எழுதுங்கள், அதற்கும் முழு மதிப்பெண் உண்டு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்