காசா டி பிலாத்தோஸ் மாளிகைப் பணியாளருக்கு நன்றி

ஸ்பெயினின் செவில்லி நகரிலுள்ள காசா டி பிலாத்தோஸ் மாளிகையைப் பார்க்கச் சென்றபோது, வெயிலில் களைத்திருந்த என் அம்மாவுக்கு முற்றத்திலேயே தலை சுற்றியது. நான் யாரையும் அழைக்கும் முன்பே நீங்கள் நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்து அவரை நிழலில் அமர்த்தினீர்கள். அதுவே பேருதவி. ஆனால், அவரால் அறை அறையாக நடக்க இயலாது என்று உணர்ந்து, அமர்ந்த இடத்திலிருந்தே தெரிந்த 1530களின் வண்ண ஓடுகளையும், இஸ்லாமியக் கைவினை மரபில் வந்த சுதை வேலைப்பாட்டையும், சுவர் மாடங்களிலிருந்து நோக்கும் ரோமானியப் பேரரசர்களின் மார்பளவுச் சிலைகளையும், மூலையில் நிற்கும் கிரேக்கப் பெண் தெய்வமான அதீனாவின் பளிங்குச் சிலையையும் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, எளிய ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினீர்கள். இத்தனை மரபுகள் ஒரே முற்றத்தில் இணங்கி நிற்பதை நீங்கள் காட்டித்தான் கண்டோம். உங்கள் பெயரைக் கேட்பதற்குள் வேறு பார்வையாளர்கள் உங்களை அழைத்துவிட்டனர். இப்பதிவு எப்படியாவது உங்களை வந்தடைய வேண்டும் என விரும்புகிறேன். அம்மா நலமாக இருக்கிறார், உங்களைப் பற்றி இன்றும் பேசுகிறார்.