அம்மாவின் கைப்பிடி அரிசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். குரல் செய்தி அனுப்பினால் நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாய் என்று உன் மகளே சொல்லிவிட்டாள், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மெதுவாகப் படி. உனக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அம்மா தாம்பரத்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. அப்பா போன பிறகு ஒரு வருஷம் எங்கள் ஊர் இடையன்குடியில் தனியாக இருந்து பார்த்தாள், கிணற்றடியில் வழுக்கி மணிக்கட்டு வீங்கியதோடு அந்த வீம்பு முடிந்தது. அக்டோபரில் நெல்லை எக்ஸ்பிரஸில் கூட்டிவந்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, பெரிய எழுத்து வேதாகமம், இரண்டு கிலோ கருப்பட்டி, அப்புறம் அந்த மண்கலயம். பெட்டியை எல்லாம் சீட்டுக்கு அடியில் தள்ளவிட்டாள், கலயத்தை மட்டும் செங்கல்பட்டு வரும்வரை மடியை விட்டு இறக்கவில்லை.

எந்தக் கலயம் என்று கேட்கமாட்டாய். அடுப்படி மூலையில் இருக்குமே, நீயும் நானும் அதில் கைவிட்டு அரிசியை அள்ளிக் கோழிக்கு இறைத்து விளக்குமாற்றால் வாங்கினோமே, அதேதான். உலை வைக்கும் ஒவ்வொரு தடவையும் களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி அதில் போடுவாள். மாசக் கடைசியில் பெண்கள் சங்கத்து அக்கா ஒருத்தி சாக்கோடு வருவார், அரிசி கோயிலுக்குப் போகும், ஞாயிறு ஆராதனை முடிந்து முருங்கைக்காய், வாழைத்தார், சேவலோடு சேர்த்து அதையும் ஏலம் விடுவார்கள். சின்ன வயதில் எனக்கு அந்த ஏலம்தான் ஆராதனையிலேயே நல்ல பகுதி.

இங்கே வந்த மறுநாள் காலையிலேயே அம்மா அள்ள ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் என் மனைவி கப்பில் அளந்துதான் போடுவாள், ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு. அதிலிருந்து ஒரு பிடி போனால் ராத்திரி பெரியவனுக்குச் சோறு பற்றவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை வேறு, பசி என்றால் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வான். இவள் என்ன செய்தாள் தெரியுமா, யாருக்கும் சொல்லாமல் ஒரு பிடி கூடப் போட்டு எடுத்துவைக்க ஆரம்பித்தாள். நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரி ஒரு கை கூடப் போட்டு வைக்கா, எனக்குத் தெரியாதுன்னு நினைக்கா. நான் எடுத்தா உலையில குறையணும்லா? குறையலன்னா அதுல என்ன இருக்கு?" என்றாள். அதிலிருந்து அம்மா தன் தட்டில் ஒரு கரண்டி குறைத்துக்கொள்கிறாள். சொன்னாலும் கேட்பதில்லை. மருமகளுக்கு இதில் கொஞ்சம் மனவருத்தம்தான், மறைக்கவில்லை நான்.

ஒரு நாள் சும்மா இருக்கமாட்டாமல், இவள் கேக் செய்ய வாங்கி வைத்திருக்கும் தராசில் அந்தப் பிடியை நிறுத்துப் பார்த்தேன். 42 கிராம். மறுநாள் 41. அதற்கு மறுநாள் 43. எழுபத்தாறு வயது, மணிக்கட்டு இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, மூன்று நாளும் ஒரு கிராம்தான் முன்னே பின்னே. நான் அள்ளினால் 61 வருகிறது, சின்னவள் அள்ளினால் 25. அம்மா விரல்களை மடக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும், சுண்டுவிரல் முதலில் மடங்கும், மற்றது ஒவ்வொன்றாக அதன்மேல் படியும், கை கலயத்துக்கு மேலே வந்ததும் ஒரு நொடி நிற்கும், உதடு லேசாக அசையும். என்ன சொல்கிறாய் என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. இப்போதும் கேட்கவில்லை, கேட்க என்னவோ கூச்சமாக இருக்கிறது.

ராத்திரி குடும்ப ஜெபத்தைவிட இதுதான் அவளுக்கு நிம்மதி என்று தோன்றுகிறது. இங்கே ஜெபம் ஒன்பது மணிக்கு என்று பேர், ஒருத்தன் டியூஷனில், ஒருத்தி போனில், நான் பாதி நாள் ஆபீஸ் மீட்டிங்கில். அம்மா கீர்த்தனையை எடுப்பாள், இரண்டாவது சரணத்துக்கு மேல் அவள் குரல் மட்டும்தான் கேட்கும்.

பிரச்சினை என்னவென்றால் இங்கே யாரும் சாக்கோடு வருவதில்லை. எங்கள் கோயிலில் கேட்டுப் பார்த்தேன், பணமாக்கிக் கவரில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஜிபே நம்பர் இருக்கிறது என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, ஆறு கிலோ அரிசியை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள். அம்மாவிடம் சொன்னதற்கு, "நான் என்ன மளிகைக் கடையா வச்சிருக்கேன், எடை போட்டு விக்கதுக்கு?" என்று முடித்துவிட்டாள். கலயம் நிறைந்து, அப்புறம் எவர்சில்வர் டப்பா நிறைந்து, இப்போது பக்கெட்டில் இருக்கிறது. வேப்பிலையும் வற்றலும் போட்டிருக்கிறோம், அப்படியும் நாலு வண்டு ஊர்கிறது.

இந்த வருஷம் சாம்பல் புதனும் ரம்ஜான் நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்கியதல்லவா, கீழ்வீட்டிலிருந்து சாயங்காலம் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி வரும். அம்மாவுக்கு லெந்து (தவக்காலம்), நாற்பது நாளும் கறி தொடமாட்டாள், அது தெரிந்து அந்த வீட்டம்மா கறி போடாமல் தனியாக எடுத்து அனுப்பினார். அந்த அரிசியைப் பள்ளிவாசல் கஞ்சிக்குக் கொடுத்துவிடலாமே என்றேன். "அவங்களுக்குத்தான் கவர்மெண்டே அரிசி கொடுக்குதாம்லா" என்றாள். பேப்பர் படிக்கிற கிழவியோடு குடும்பம் நடத்துவது கஷ்டம் மாப்ள.

அப்புறம்தான் உன் ஞாபகம் வந்தது. நெய்வேலியில் இருக்கிறாய், பக்கத்தில் வடலூர். வள்ளலார் தருமசாலை அடுப்பு 1867-ல் மூட்டியது, இன்றுவரை அணையவில்லை, மூன்று வேளையும் யார் போனாலும் சோறு என்று அம்மாவிடம் சொன்னேன். முதலில் முகம் சுளித்தாள், சாமியார் மடத்துக்கா நம்ம கோயில் அரிசி என்று. எங்கள் ஐயரிடம் (உங்கள் ஐயர் இல்லை, எங்கள் பாதிரியார்) கேட்கவேண்டும் என்றாள். நான் விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "1867-ன்னா கால்டுவெல் ஐயர் நம்ம ஊர்ல இருந்த காலம்லா?" என்று கேட்டாள்.

ஆமாம். உனக்குத்தான் தெரியுமே, எங்கள் ஊர்க் கிழவிகளுக்கு வருஷமே கால்டுவெல்லை வைத்துத்தான். 1841-ல் வந்தார், 1880-ல் கோயில் பிரதிஷ்டை, செத்து அந்தக் கோயில் பீடத்துக்குக் கீழேயே அடக்கமானார். வெளியூர்க்காரர்களுக்கு அவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர், எங்களுக்குத் தேரி மணலில் தெருவுக்கு நூல் பிடித்தவர். அம்மா விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். "அப்போ நம்ம கோயிலே கட்டி முடியலயே. நம்ம மணி அடிக்கதுக்கு முன்னாலயே அங்க சோறு வெந்துருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நம்ம அசனத்துல உன் கூட்டாளி எத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கான்? அவன்ட்டயே கொடு" என்றாள். உன்னைத்தான் சொல்கிறாள். பிரதிஷ்டைப் பண்டிகையின் அசன விருந்துக்குத் திசையன்விளையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, ஓலைப்பாயில் குவித்திருக்கும் சோற்றுக்கு முன்னால் முதல் வரிசையில் உட்காருவாயே, ஓலைப்பெட்டியில் வீட்டுக்கும் வாங்கிக்கொண்டு போவாயே, ஒன்றையும் அவள் மறக்கவில்லை.

ஆகவே உன் வேலை இதுதான். ஏப்ரல் 5 ஈஸ்டர், அது முடிந்த அடுத்த சனிக்கிழமை விக்கிரவாண்டி, பண்ருட்டி வழியாகக் காரில் வருகிறோம். அம்மாவும் வருகிறாள், தன் கையால் கொட்டினால்தான் ஆச்சாம். அதற்கு முன்னால் நீ ஒரு நடை தருமசாலைக்குப் போய் விசாரித்துச் சொல். புழுங்கல் அரிசி வாங்கிக்கொள்வார்களா, பச்சரிசிதான் வேண்டுமா? சில்லறையாக ஆறேழு கிலோ கொண்டுவந்தால் முகம் சுளிக்கமாட்டார்களே? இரண்டு மூன்று ரக அரிசி கலந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடு. வண்டைப் பற்றிச் சொல்லவேண்டாம், புடைத்துத்தான் கொண்டுவருவாள்.

மத்தியானச் சாப்பாடு உன் வீட்டில். லெந்து முடிந்திருக்கும், அதனால் தங்கச்சியிடம் கறி எடுக்கச் சொல்லு. அம்மா உலை வைக்கும்போது பக்கத்தில் வந்து நின்றால் ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்