செய்திப் பக்கத்துக்காக முழுத் தளத்தையும் இடிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிச் சேர்க்கை, கோயில் திருவிழா, சங்கத் தேர்தல் என எதற்காகவாவது நம் ஊர் நிறுவனங்களின் வலைத்தளத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். முகப்பின் உச்சியில் ஒரு வரி வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருக்கும். அதன் அருகே ‘புதியது’ என்று ஒரு சின்னம் மினுக்கும். தட்டிப் பார்த்தால் மூன்று வருடத்துக்கு முந்தைய அறிவிப்பு. அலட்சியம் என்று திட்டத் தோன்றும். ஆனால் காரணம் பெரும்பாலும் வேறு. அந்தத் தளம் எச்.டி.எம்.எல். கோப்புகளாக, அதாவது பக்கத்துக்கு ஒன்றாகக் கையால் எழுதிய கோப்புகளாக, செய்யப்பட்டது. ஒரு தேதியை மாற்றவும் கோப்பைத் திறந்து, திருத்தி, சர்வரில், அதாவது தளம் வைக்கப்பட்டுள்ள கணினியில், ஏற்ற வேண்டும். தளம் செய்து கொடுத்தவருக்குப் போன் போட வேண்டும், அவர் கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டும். இரண்டு, மூன்று தடவை கொடுப்பார்கள். அப்புறம் விட்டுவிடுவார்கள்.

இதற்குப் பரிகாரமாக முழுத் தளத்தையும் புதிதாகக் கட்டச் சொல்லி விலைப்புள்ளி வாங்குகிறார்கள். அந்தச் செலவு தேவையில்லை. நிறுவன வரலாறு, முகவரி, நிர்வாகிகள் பட்டியல் போன்ற மாறாத பக்கங்கள் இருந்தபடியே இருக்கட்டும். மாறுகிற செய்திக்கு மட்டும் பக்கத்திலேயே ஒரு வலைப்பதிவைச் சேர்த்தால் போதும். இணையத்தில் பஸ் டிக்கெட் எடுக்கத் தெரிந்த அலுவலக உதவியாளர் அதில் எழுதி வெளியிட முடியும்.

முதலில் சாவி யார் கையில் என்று பாருங்கள். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) பதிவுக் கணக்கு, ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் வாடகை இடம்) கன்ட்ரோல் பேனல் இரண்டின் லாகினும் நிறுவனத்திடம் இருக்க வேண்டும். டொமைனின் உரிமையாளராகத் தளம் செய்தவரின் பெயரோ அவருடைய மின்னஞ்சலோ பதிவாகியிருந்தால், இன்றே அதை மாற்றி வாங்குங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வழிகள் இரண்டு. எழுதப்போவது ஒருவர், கணினியைப் பராமரிக்க யாரும் இல்லை என்றால் கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகர். சிபேனல் என்ற கன்ட்ரோல் பேனல் உள்ள ஹோஸ்டிங்கும், மாதம் ஒருமுறையாவது உள்ளே நுழைந்து பார்க்க ஓர் ஆளும் இருந்தால், நம் ஹோஸ்டிங்கிலேயே நிறுவிக்கொள்ளும் மென்பொருளான வேர்ட்பிரஸ். விக்ஸ் போன்ற இழுத்துப்போட்டுக் கட்டும் சேவைகளிலும் வலைப்பதிவு வசதி உண்டு. ஆனால் தளத்தை அங்கிருந்து பெயர்த்து வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோக முடியாது. ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். இதற்காகப் புதிதாக அங்கே போக வேண்டாம்.

பிளாகர் 1999-இல் தொடங்கியது, 2003-இல் கூகுள் வாங்கியது. 2010 வரை நம் சொந்த சர்வருக்கே பதிவுகளை அனுப்பிவைக்கும் வசதி அதில் இருந்தது. அது நின்றுபோனதால், ‘உங்கள்பள்ளி டாட் இன்’ முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு பிளாகர் வலைப்பதிவை உட்கார வைக்க இப்போது வழியில்லை. முன்னால் ஒரு சொல் சேர்த்து, ‘நியூஸ் டாட் உங்கள்பள்ளி டாட் இன்’ என்று துணை டொமைனாக வைக்கலாம். இதற்குக் கூகுள் காசு கேட்பதில்லை.

நிறுவனத்தின் பெயரில் ஒரு கூகுள் கணக்கைத் திறந்து, அதில் பிளாகர் வலைப்பதிவைத் தொடங்குங்கள். ஊழியரின் சொந்தக் கணக்கில் தொடங்கினால் அவர் வேலையை விட்டுப் போகும்போது வலைப்பதிவும் அவரோடு போய்விடும். பிறகு செட்டிங்ஸில் ‘பப்ளிஷிங்’ பகுதியில் ‘கஸ்டம் டொமைன்’ என்ற இடத்தில் துணை டொமைனின் முழு முகவரியைக் கொடுத்துச் சேமியுங்கள். சேமிக்காது, சிவப்பு எழுத்தில் பிழை காட்டும். பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டிய தகவலே அந்தப் பிழைச் செய்தியில்தான் இருக்கிறது. இரண்டு சி-நேம் பதிவுகளை, அதாவது ஒரு பெயரை இன்னொரு முகவரிக்குத் திருப்பிவிடும் குறிப்புகளை, காட்டும். ஒன்றில் பெயர் ‘நியூஸ்’, சேருமிடம் ‘ஜிஎச்எஸ் டாட் கூகுள் டாட் காம்’. மற்றது உங்கள் வலைப்பதிவுக்கென்றே வரும் ஒரு குறியீடு, அதன் சேருமிடம் ‘கூகுள்ஹோஸ்டட் டாட் காம்’ என்று முடியும் நீண்ட முகவரி. இரண்டையும் டொமைனின் டி.என்.எஸ். பக்கத்தில், அதாவது எந்தப் பெயர் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பட்டியலில், சேர்க்க வேண்டும். தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டுங்கள்.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த டி.என்.எஸ். பக்கத்தில்தான். டொமைன் வாங்கிய இடத்தில் பதிவைச் சேர்த்துவிட்டு நாள்கணக்கில் காத்திருப்பார்கள், ஒன்றும் நடக்காது. டொமைனின் டி.என்.எஸ். பட்டியலை வைத்திருக்கும் நேம்சர்வர் எந்த நிறுவனத்துடையதோ அங்கே சேர்த்தால்தான் செல்லும். டொமைனை ஓரிடத்திலும் ஹோஸ்டிங்கை வேறிடத்திலும் வாங்கியவர்களுக்கு அது பெரும்பாலும் ஹோஸ்டிங் பக்கமாகவே இருக்கும். அடுத்தது, பெயர்க் கட்டத்தில் ‘நியூஸ்’ என்று மட்டும் போடாமல் முழு முகவரியையும் போடுவது. பல பேனல்கள் டொமைனைத் தாமாகவே பின்னால் ஒட்டிவிடும், முகவரி இரட்டித்துப் போகும். மூன்றாவது, சிபேனலில் ‘சப்டொமைன்’ பக்கத்துக்குப் போய் ‘நியூஸ்’ என்று உருவாக்கிவிட்டு வருவது. அப்படிச் செய்தால் அந்தப் பெயரைச் சர்வரின் எண் முகவரிக்கு அனுப்பும் ஓர் ‘ஏ’ பதிவு விழும். ஒரே பெயரில் ‘ஏ’ பதிவும் சி-நேமும் சேர்ந்து இருக்க முடியாது. ‘ஏ’ பதிவை நீக்கிவிட்டு சி-நேமை மட்டும் போடுங்கள். அந்தப் பக்கத்தில் உள்ள எம்.எக்ஸ். பதிவுகளைத் தொடவே கூடாது, நிறுவனத்தின் மின்னஞ்சல் நின்றுவிடும்.

சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ டி.என்.எஸ். பரவியதும் மீண்டும் சேமியுங்கள், இம்முறை ஏற்றுக்கொள்ளும். பிறகு பாதுகாப்பான இணைப்புக்கான ‘எச்.டி.டி.பி.எஸ். அவைலபிலிட்டி’யை இயக்குங்கள். சான்றிதழ் தயாராகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். தயாரான பிறகே, எல்லோரையும் அந்த இணைப்புக்குத் திருப்பும் ‘எச்.டி.டி.பி.எஸ். ரீடைரக்ட்’டை இயக்க வேண்டும்.

வேர்ட்பிரஸ் வழியில் டி.என்.எஸ். பக்கமே போக வேண்டியதில்லை. சிபேனலில் பெரும்பாலும் சாஃப்டாகுலஸ் என்ற நிறுவி இருக்கும், அதில் வேர்ட்பிரஸைத் தேர்ந்தெடுத்தால் ஒரு படிவம் வரும். அந்தப் படிவத்தில் கவனமாகப் பார்க்க வேண்டியது ‘டைரக்டரி’ கட்டம். அங்கே ‘நியூஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். வெறுமையாக விட்டால் வேர்ட்பிரஸ் தளத்தின் மூலக் கோப்புறையிலேயே போய் உட்காரும். அங்கே ஏற்கெனவே இருக்கும் ‘இண்டெக்ஸ் டாட் எச்.டி.எம்.எல்.’ கோப்புக்கும், இது கொண்டுவரும் ‘இண்டெக்ஸ் டாட் பி.எச்.பி.’ கோப்புக்கும் சண்டை வரும். எது முந்துகிறது என்பது சர்வர் அமைப்பைப் பொறுத்தது. ஒன்று வலைப்பதிவு தெரியாது, இல்லையென்றால் பழைய முகப்பு காணாமல் போகும். நிர்வாகியின் பயனர் பெயரை ‘அட்மின்’ என்று வைக்காதீர்கள். கடவுச்சொல்லை ஊகிக்க வரும் தானியங்கி நிரல்கள் முதலில் தட்டிப் பார்ப்பது அந்தப் பெயரைத்தான்.

நிறுவியதும் செட்டிங்ஸில் நான்கு இடங்களைப் பார்த்துவிடுங்கள். ‘ஜெனரல்’ பக்கத்தில் நேர மண்டலம் கொல்கத்தா. உலகப் பொது நேரத்திலேயே விட்டால், காலை 9 மணிக்கு வெளியாகச் சொன்ன அறிவிப்பு பிற்பகல் 2.30-க்குத்தான் வரும். ‘ரீடிங்’ பக்கத்தில், தேடுபொறிகள் வராமல் தடுக்கும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுங்கள். ‘டிஸ்கஷன்’ பக்கத்தில் கருத்துரைகளை மூடிவிடுங்கள். மட்டுறுத்த (சரிபார்த்து அனுமதிக்க) ஆள் இல்லாத தளத்தில் மருந்து விளம்பரமும் சூதாட்ட இணைப்புமே குவியும். பதிவுகளின் முகவரி எப்படி அமையும் என்பதற்கான ‘பெர்மாலிங்க்ஸ்’ பக்கத்தில் ‘போஸ்ட் நேம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்மாதிரியாகக் கூடவே வரும் ‘ஹலோ வேர்ல்டு’ பதிவை நீக்குங்கள், அதை வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் ஓடும் தளங்கள் உண்டு.

எழுதுபவருக்கு நிர்வாகி அதிகாரம் தர வேண்டாம். ‘ஆத்தர்’ என்ற நிலை போதும், தன் பதிவை எழுதலாம், படம் ஏற்றலாம், வெளியிடலாம். தலைமையாசிரியரோ செயலாளரோ பார்த்த பிறகே வெளியாக வேண்டுமென்றால் ‘கான்ட்ரிபியூட்டர்’ நிலை கொடுங்கள். ஆனால் அந்த நிலையில் எழுதுபவரால் படம் ஏற்ற முடியாது என்பது நினைவிருக்கட்டும். கூடுதல் வசதி தரும் பிளகின்கள் இரண்டு, மூன்றுக்கு மேல் வேண்டாம். அவற்றுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கிவையுங்கள், 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. பேக்கப் அதே சர்வரில் கிடந்தால் பேக்கப் ஆகாது. அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பிளகினைக் கொண்டு கூகுள் டிரைவுக்குப் போகும்படி வையுங்கள்.

ஆங்கில வழிகாட்டிகளில் அதிகம் காணாத, தமிழில் எழுதுவோருக்கே உரிய தொல்லைகளும் உண்டு. முதலாவது பதிவின் முகவரி. பிளாகரில் தமிழில் தலைப்பு வைத்தால் அது தமிழ் எழுத்துகளை முகவரியிலிருந்து உதறிவிட்டு ‘பிளாக்-போஸ்ட்’ என்று எண் போட்டு வைத்துக்கொள்ளும். எது சேர்க்கை அறிவிப்பு, எது விடுமுறை அறிவிப்பு என்று முகவரியைப் பார்த்து யாருக்கும் தெரியாது. வேர்ட்பிரஸ் நேர்மாறு. தமிழை அப்படியே எடுத்துக்கொள்ளும், ஆனால் யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாக விரியும். ‘மாணவர்’ என்ற ஒரு சொல்லுக்கு, காலும் புள்ளியும் தனிக் குறிகள் என்பதால், ஆறு குறிகள், ஆக 54 எழுத்துகள். வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்துகள். நீளமான தலைப்பு பாதியிலேயே வெட்டுப்படும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் விழுக்காட்டுக் குறிகள் ஒரு முழத்துக்கு நீளும். ஆகவே தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் இரண்டு, மூன்று ஆங்கிலச் சொற்களில் நீங்களே எழுதுங்கள். இரண்டிலும் வலப்பக்கப் பட்டையில் அதற்கு இடம் உண்டு. வெளியிடும் முன்பே செய்ய வேண்டும். பிறகு மாற்றினால் அதற்குள் பகிரப்பட்ட இணைப்புகள் அறுந்துபோக வாய்ப்புண்டு.

இரண்டாவது எழுத்துரு. டி.டி.பி. நிலையங்களிலும் பழைய அலுவலகக் கணினிகளிலும் இன்னும் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிக்கிறார்கள். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பவை. பாமினியில் அடித்த ‘அம்மா’வை வலைப்பதிவில் ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக மாற்றி ஒட்ட வேண்டும். மாற்றிய பிறகு எண்களையும் நிறுத்தக்குறிகளையும் ஒருமுறை சரிபாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் பிசகும். வேர்டிலிருந்து ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வேர்டின் எழுத்தளவும் நிறமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்து பக்கத்தைக் கெடுக்காது.

மூன்றாவது, அறிவிப்பைத் தாளில் அச்சடித்து, கையெழுத்து வாங்கி, போனில் படமெடுத்து அந்தப் படத்தையே பதிவாகப் போடும் பழக்கம். படத்துக்குள் இருக்கும் தேதியைத் தேடுபொறியில் தேடிப் பிடிப்பது கடினம், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. படம் இருக்கட்டும், கீழே அதே செய்தியை நான்கு வரியாகத் தட்டச்சு செய்துவிடுங்கள். போன் எடுக்கும் படம் ஒவ்வொன்றும் 3 முதல் 5 எம்.பி. வரும். ஆண்டு விழாப் படங்கள் பத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் பார்ப்பவர் போய்விடுவார். ஸ்குவூஷ் போன்ற இலவசக் கருவியில் அகலம் 1200 பிக்சல், அளவு 200 கே.பி.க்குள் என்று சுருக்கி ஏற்றுங்கள்.

இனி பழைய தளத்தோடு இணைப்பது. மெனுவில் ‘செய்திகள்’ என்ற சொல் புதிய முகவரிக்குப் போக வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் தளம் செய்தவரைக் கூப்பிடுங்கள். எல்லாப் பக்கத்திலும் மாற்றச் சொல்லுங்கள், முகப்பில் மட்டும் மாற்றிவிட்டுப் போவது வழக்கம். வலைப்பதிவை ஐஃபிரேமாகப் பழைய பக்கத்துக்குள் பதிக்கலாம் என்று அவர் சொன்னால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். போனில் இரட்டைச் சுருள்பட்டை வரும், ஒவ்வொரு செய்திக்கும் தனி முகவரி தெரியாது.

எழுதத் தொடங்கிய பிறகு ஒரே ஒரு பழக்கம் முக்கியம். தேதி மாறினால் புதிய பதிவு போடாதீர்கள், பழைய பதிவைத் திறந்து அதன் முதல் வரியிலேயே ‘தேதி மாற்றப்பட்டுள்ளது’ என்று திருத்துங்கள். பெற்றோர் குழுக்களில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பது பழைய இணைப்புதான்.

கடைசி வேலை ஒன்று பாக்கி. பழைய செய்திப் பக்கத்தின் முகவரி கூகுளிலும் பலருடைய போனிலும் இன்னும் கிடக்கும். சிபேனலில் ‘ரீடைரக்ட்ஸ்’ என்ற பக்கத்தைத் திறந்து, ‘பெர்மனென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பழைய முகவரியையும் புதியதையும் கொடுத்தால் போதும். அப்படியே மெனுவை மாற்ற வந்தவரிடம் சொல்லி, அந்த ஓடும் வரியையும் மினுக்கும் ‘புதியது’ சின்னத்தையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வலைத்தளப் பராமரிப்புப் பணியில் இருப்போர் சிலர்,
கோயம்புத்தூர்.